திரும்பி வரும் வழிக்கு ஒரு படகு

கம்போங் மேடானில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. தேசா மெந்தாரியின் அடுக்குமாடிகளும் பழைய கிள்ளான் சாலைப் பக்கத்து நெரிசலும்தான் தெரியும். ஆனால் கிள்ளான் துறைமுகம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். வெள்ளிக்கிழமை இரவு ஐஸ் பெட்டியான தோங்கையும் தூண்டில் கோல்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் இறங்கினால், ஒரு மணி நேரத்துக்குள் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். நம் தாத்தாக்கள் பலர் ரஜூலா போன்ற கப்பல்களில் வந்து கரையேறிய துறைமுகம் அது. 1901இல் திறக்கப்பட்டபோது போர்ட் சுவெட்டன்ஹாம். 1972இலிருந்து போர்ட் கிள்ளான். தாத்தாவைக் கரையில் இறக்கிய கடலுக்குள் பேரன் மீன் தேடிப் போகிறான்.

பெரும்பாலும் தெக்கோங் என்னும் படகோட்டியின் படகில், தலைக்கு இவ்வளவு என்று கட்டித்தான் போகிறோம். சில ஆண்டுகள் போனதும் கூட்டத்தில் ஒருவருக்கு அந்த எண்ணம் வரும்: நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன? மரினாவில் நிறுத்தினால் மாத வாடகை கட்டி மாளாது. வீட்டு ஓரத்திலோ யாருடைய கம்பத்து நிலத்திலோ டிரெய்லரில் நிறுத்திவைத்து, வேண்டும்போது இழுத்துப் போகும் படகுதான் கட்டுப்படியாகும். இழுத்துப் போவது என்று முடிவானதுமே எடை முதல் கேள்வியாகிவிடுகிறது. அங்கேதான் அலுமினியம் பேச்சில் நுழைகிறது.

இந்த உலோகம் நமக்கு அந்நியமல்ல. தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய அலுமினிய உற்பத்தியாளரான பிரெஸ் மெட்டல், கிள்ளானின் காப்பார் சாலையில் வேர்விட்ட நிறுவனம். அதன் உருக்காலைகள் மட்டும் சரவாக்கில் இருக்கின்றன. ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அந்த அளவு மின்சாரம் நீர்மின் அணைகள் இருக்கும் பக்கம்தான் மலிவாகக் கிடைக்கும்.

எடைக் கணக்கைப் பார்ப்போம். ஐந்தரை மீட்டர் நீள அலுமினியப் படகின் வெறும் கூடு 500 முதல் 650 கிலோ வரை இருக்கும். அதே நீளத்து ஃபைபர் படகு பெரும்பாலும் 800ஐத் தாண்டிவிடும். 90 குதிரைத்திறன் எஞ்சின் 160 கிலோ, 100 லிட்டர் பெட்ரோல் 75 கிலோ, டிரெய்லர் ஒரு 380 கிலோ, நங்கூரம் கயிறு பெட்டி என்று இன்னும் கொஞ்சம். ஆக 1.3 டன்னுக்கு அருகில் வந்து நிற்கிறது. மைவி காரை மறந்துவிடலாம், பிக்கப் வேண்டும். ஃபைபர் என்றால் இன்னும் கால் டன் கூடும். நெடுஞ்சாலையில் அந்தக் கால் டன்னைப் பிக்கப் சமாளித்துவிடும். பாசி படிந்த சரிவுத்தளத்தில், ஈரச் சக்கரங்களோடு மேலே இழுக்கும்போதுதான் அது தெரியும்.

அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகின் அடர்த்தி 7.85. மூன்றில் ஒரு பங்கு எடை என்றதும் மகிழ்ந்துவிடக் கூடாது, விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் குறையைத் தடிமன் ஈடுகட்டுகிறது. ஒரு தகடு வளைய மறுக்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 3 மில்லிமீட்டர் அடித்தகட்டை 4 மில்லிமீட்டர் ஆக்கினால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும், விறைப்போ 2.4 மடங்கு ஆகும். பத்துச் சதுர மீட்டர் அடிப்பரப்பு உள்ள படகுக்கு அந்த ஒரு மில்லிமீட்டரின் விலை 27 கிலோ. ஐஸ் நிரப்பிய ஒரு தோங் அதைவிடக் கனமாக இருக்கும். கடலுக்கு வெளியே போகும் படகில் இதைவிட லாபமான 27 கிலோவை நான் அறியேன். 2 மில்லிமீட்டர் தகட்டை அச்சில் அழுத்தி மடிப்பு வைத்துச் செய்யும் மெல்லிய படகுகள் ஆற்றுக்கும் கேரித் தீவுக் கால்வாய்களுக்கும் போதும். பூலாவ் கெத்தாமைத் தாண்டப் போகிறீர்கள் என்றால் அடியில் 4 மில்லிமீட்டர் கேளுங்கள்.

தகட்டின் வகையையும் கேட்க வேண்டும். கடலுக்கு ஏற்றது 5083 அல்லது அதன் உறவுக் கலவைகள். 5083இல் நான்கிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் மெக்னீசியம் உண்டு. அதன் பலம் அங்கிருந்து வருகிறது. 6061 என்ற வகை இன்னும் பலமானது, ஆனால் அந்தப் பலம் சூடேற்றிப் பதப்படுத்திப் பெற்றது. பற்றவைக்கும் சூட்டில் பதம் கலைந்து, தையலின் ஓரத்தில் ஏறக்குறைய பாதிப் பலம் போய்விடும். குழாய்க்கும் கைப்பிடிக்கும் 6061 இருக்கட்டும், அடித்தகட்டுக்கு வேண்டாம்.

இனி கடலுக்கு வருவோம். டிரெய்லர் படகுகளின் பெரிய சந்தைகளில் ஒன்று ஆஸ்திரேலியா. அங்கே எழுதப்படும் விமர்சனங்களைத்தான் நாமும் யூடியூபில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறோம். அவர்களின் கடலும் நம் கடலும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எழுந்த அலை நீண்டு, தணிந்து, பத்து விநாடிக்கு ஒன்றாக வருகிறது. கிள்ளானுக்கு நேரெதிரே சுமத்ரா ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காற்று ஓடி விளையாட அவ்வளவுதான் இடம். ஓட்டக்களம் குறுகியதாக இருந்தால் அலைக்கு வளர நேரமில்லை. மூன்று நான்கு விநாடிக்கு ஒன்றாகக் குட்டையாக, செங்குத்தாக எழும்.

ஆழமான நீரில் அலையின் நீளத்தை அறிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு: விநாடிக் கணக்கை அதனாலேயே பெருக்கி, மறுபடி 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் நீளம் வரும். பத்து விநாடி அலைக்கு 156 மீட்டர். நம் நான்கு விநாடி அலைக்கு 25 மீட்டர். நான்கு விநாடி அலை மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதை நோக்கி நீங்கள் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் 1.4 விநாடிக்கு ஒரு முகடு படகின் மூக்கில் மோதும். ஆஸ்திரேலிய அலையில் அதே வேகத்தில் கிட்டத்தட்ட ஆறு விநாடிக்கு ஒன்றுதான். அங்கே ஏறி இறங்க நேரமிருக்கிறது. இங்கே ஒரு முகட்டிலிருந்து படகு கீழே விழுந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். முதுகெலும்பு எண்ணிக்கொண்டே போகும்.

நீர் அறையும் அந்த அடியின் பலம் எதைப் பொறுத்தது என்று முதலில் கணக்கிட்டவர்கள் படகுக்காரர்கள் அல்லர், விமானக்காரர்கள். 1929இல் தியோடர் வான் கார்மன், நீரில் இறங்கும் விமானத்தின் மிதவைகள் வாங்கும் அடியை ஆராய்ந்தார். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் நீரை ஒரே நொடியில் அகலமாக அறைகிறது. கூராக இருந்தால் நடுவில் தொட்டு மெல்ல மெல்ல நனைந்து இறங்குகிறது. அவருடைய சூத்திரத்தில் அழுத்தம், விழும் வேகத்தின் வர்க்கத்துக்கும் அடிக்கோணத்தின் கோடேன்ஜெண்டுக்கும் ஏற்ப மாறும். படகுக்காரர்கள் டெட்ரைஸ் என்று சொல்லும் அந்தக் கோணம் 12 பாகையாக இருக்கும் படகு, 20 பாகைப் படகைவிட 1.7 மடங்கு அழுத்தம் வாங்கும். பின்னால் 1932இல் வாக்னர் என்ற ஆய்வாளர் இன்னும் நுட்பமாகக் கணக்கிட்டபோது இந்த இடைவெளி மேலும் விரிந்தது.

கணக்கு காகிதத்தில் இருந்தது. அதைக் கடலில் காட்டியவர் ரேமண்ட் ஹண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அவர் வரைந்த ஆழமான வி வடிவ அடியோடு மோப்பி என்ற படகு 1960இல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயத்தில், கடல் கொந்தளித்த நாளில், முதலில் வந்தது. இன்று நாம் பார்க்கும் வேகப்படகுகளில் பெரும்பாலானவை அந்த வடிவத்தின் வாரிசுகள்.

அப்படியானால் கோணம் கூடக் கூட நல்லதா? கடையில் அப்படித்தான் சொல்வார்கள். “போஸ், இது இருபது பாகை, அலையை வெட்டிக்கிட்டுப் போகும்” என்பார்கள். வெட்டிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் மீன் பிடிப்பது ஓடும்போதல்ல, நிற்கும்போது. கூரிய அடி நின்ற இடத்தில் உருளும். அப்போலோ தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் நாலு பேரில் ஒருவருக்கு ஜெனாஹாக் மீன் கடித்துவிட்டால் மற்ற மூவரும் அதே பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். இலேசான படகு உடனே சாயும். அகலத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யலாமென்றால், சாலையில் இழுத்துப் போகும் எதுவும் இரண்டரை மீட்டருக்குள் அடங்க வேண்டும். ஆழ்ந்த வி அடிக்கு எஞ்சின் பலமும் கூடுதலாக வேண்டும். சில தயாரிப்பாளர்கள் கீலுக்குள் ஒரு வெற்றறை வைத்துவிடுகிறார்கள்: நிற்கும்போது கடல்நீர் உள்ளே புகுந்து பாரமாக இருந்து படகை அமர்த்தும், ஓடத் தொடங்கியதும் பின்பக்கத் துளை வழியே வடிந்துவிடும். சாலையில் இலேசு, நங்கூரத்தில் கனம். அலுமினியத்தின் இலேசுத்தனம் தரும் தொல்லைக்கு இதைவிட நேர்த்தியான மருந்து கிடையாது. என் அபிப்பிராயத்தில் நம் மலாக்கா நீரிணைக்கு 16 முதல் 18 பாகை, அதோடு இந்த நீரறையும் இருந்தால் போதும்.

இதுவரை பேசியதெல்லாம் எதிர் அலை. எல்லோரும் படகைச் சோதிப்பதும் எதிர் அலையில்தான். ஆனால் நம் கடலில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை நீரிணையில் சுமத்ராக் காற்று என்ற ஒன்று உண்டு. இரவில் சுமத்ரா மேலும் நீரிணை மேலும் திரளும் இடிமேகங்கள் நீண்ட வரிசையாகக் கோத்துக்கொண்டு கிழக்கே நகரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் நம் கரையை அடிக்கும். காற்றின் வீச்சு மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டர் வரை போகும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், ஆனால் அதற்குள் கடலைப் புரட்டிப் போட்டுவிடும். இரவு முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு, பெர்மாத்தாங் செடெப்பா கலங்கரை விளக்கத்துப் பக்கம், கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள் மேற்கே வானம் கறுப்பதைப் பார்த்ததும் என்ன செய்வார்கள்? கிழக்கே ஓடுவார்கள். அதாவது அலை பின்னாலிருந்து துரத்த, அதன் முன்னே ஓடுவார்கள்.

பின்னலையின் கணக்கு தலைகீழ். நான்கு விநாடி அலை மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று பார்த்தோம். மழையில் கண் தெரியாமல், பயத்தில் வேகத்தைக் குறைத்து நீங்களும் மணிக்கு 22 கிலோமீட்டரில் ஓடினால், ஒரே அலையின் முகத்திலேயே நின்றுவிடுவீர்கள். கீழ்நோக்கிச் சரிந்த நீரின் மேல் படகு வழுக்கும். மூக்கு முன் பள்ளத்தில் குத்தும். பின்பக்கத்தை அலை தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினின் விசிறி பாதி காற்றில் சுழலும். சுக்கான் பேச்சைக் கேட்காது. ஊன்றிய மூக்கைச் சுற்றி வால் திரும்பினால் படகு அலைக்குக் குறுக்கே விழும். சிறு படகுகள் கவிழ்வதில் ஒரு முக்கிய வழி இது.

இங்கேதான் வடிவமைப்பின் முரண் இருக்கிறது. எதிர் அலையை அழகாக வெட்டும் ஆழமான, கூரான மூக்கு, பின்னலையில் முதலில் போய்க் குத்திக்கொள்ளும். போகும் வழிக்கு நண்பனாக இருந்தது திரும்பும் வழிக்குப் பகை. ஆகவே நமக்கு வேண்டிய படகு, அடியில் கூராகவும் மேலே போகப் போக வெளியே விரிந்த தோள்களோடும் இருக்க வேண்டும். குத்தத் தொடங்கியதும் அந்தத் தோள்கள் நீரில் அமுங்கி மூக்கைத் தூக்கிவிடும். பின்பலகை முழு உயரத்துக்கு இருக்க வேண்டும். எஞ்சின் மாட்டுவதற்காக நடுவே தாழ வெட்டிய பின்பலகை ஆற்றுப் படகுக்கு உரியது. தளம், நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, ஏறிய நீர் தானாக வடியும்படி துளைகள் வைத்ததாக இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் படகின் வேகத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் குறைந்தாலும் நான் கவலைப்படமாட்டேன். ஓட்டுபவருக்கு ஒரு வார்த்தை: அலையைவிடத் தெளிவாக மெதுவாகவோ, தெளிவாக வேகமாகவோ போக வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் அலைதான் உங்களைக் கடந்துபோகும், பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக. நடுவே இருக்கும் அந்த 22தான் பொறி.

ஆற்று முகத்துவாரத்தில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. கிள்ளானில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கு மீட்டருக்கும் மேல். அத்தனை நீரும் ஆறு மணி நேரத்தில் கால்வாய்கள் வழியே வெளியேறியாக வேண்டும். நீரோட்டம் இரண்டு நாட் வேகத்தையும் தாண்டும். மேற்கிலிருந்து வரும் அலை, எதிரே வெளியேறும் அந்த நீரோட்டத்தில் நுழைந்ததும் சுருங்குகிறது. இரண்டு நாட் எதிரோட்டத்தில் 25 மீட்டர் நீள அலை 16 மீட்டராகக் குறையும். நீளத்தில் இழந்ததை உயரத்தில் சேர்த்துக்கொள்ளும். வெளியே ஒரு மீட்டர் அலையில் சுகமாக வந்த படகு, வீட்டு வாசலில் சுவர்போல் நிற்கும் அலையைப் பார்க்கிறது. அனுபவமுள்ள தெக்கோங்குகள் வற்று நீரில் காற்று எதிர்த்தால் உள்ளே வராமல் வெளியிலேயே மூக்கை மேற்கே திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டம் மாறக் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அப்படிக் காத்திருக்க எரிபொருள் வேண்டும். தொட்டியை மூன்றாகப் பிரித்து, போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் ஒன்று என்று வைக்கும் பழைய விதி இந்தக் காத்திருப்புக்கும் கைகொடுக்கும்.

இவ்வளவும் பார்த்து வாங்கியும் படகில் நீர் நிறைந்தால்? கட்டுமரத்தில் போன நம் முன்னோருக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. கட்டுமரம் மூழ்காது, அதில் நீர் நிறைய உட்புறமே இல்லை, மரமே மிதவை. அலுமினியமோ நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தி. 600 கிலோ கூடு நீருக்குள் போனாலும் 370 கிலோ எடை மிச்சமிருக்கும். எஞ்சினையும் பேட்டரியையும் சேர்த்தால் அரை டன்னை நெருங்கும். அதைத் தாங்க அரை கன மீட்டருக்கும் மேல் நுரைப்பொருள் உள்ளே இருக்க வேண்டும்.

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். நுரையைத் தளத்துக்கு அடியில் மட்டும் அடைத்தால், நீர் நிறைந்த படகில் மிதவை கீழேயும் எஞ்சின் மேலேயும் இருக்கும். அப்படி நிற்க இயற்கை விடாது. படகு குப்புறப் புரண்டு அடியைக் காட்டிக்கொண்டு மிதக்கும். நீங்கள் வழுக்கும் அடிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். பக்கச் சுவர்களின் மேற்பகுதியிலும் பின்பக்கத்திலும் நுரை இருந்தால், படகு கழுத்தளவு நீரோடும் நிமிர்ந்தே நிற்கும். உள்ளே உட்கார்ந்து நீரை இறைக்கலாம், உதவிக்குக் காத்திருக்கலாம். 20 அடிக்குக் குறைந்த, வெளிப்பொருத்து எஞ்சின் உள்ள படகுகள் இப்படிச் சமமாக மிதக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே உண்டு. ஆஸ்திரேலியப் படகுகளில் தயாரிப்பாளர் ஒட்டும் தகட்டில், மிதவை வெறும் அடிப்படை வகையா, சம மிதவையா என்று எழுதியிருக்கும். விற்பவர் வண்ணத்தைப் பற்றிப் பேசும்போது நீங்கள் அந்தத் தகட்டைத் தேடுங்கள்.

அரிப்பைப் பற்றி நம் ஊரில் பயம் அதிகம், ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. திறந்த கடல்நீர் 5083ஐ அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. அலுமினியம் காற்றைத் தொட்டதும் மேலே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிக் காவல் நிற்கும். கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். அதனால் வண்ணம் பூசாத அலுமினியப் படகைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். எதிரி உள்ளே இருக்கிறான், நாமே கொண்டுபோய்ப் போட்டவன். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு, நாம் பத்து லாடுங் என்று சொல்வது, கைதவறி உருண்டு படகின் அடிவயிற்றில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே எப்போதும் கொஞ்சம் உப்புநீர் தேங்கியிருக்கும். ஈயமும் அலுமினியமும் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைவது அலுமினியம்தான். பித்தளைச் சுழலியும் அப்படியே. பழைய ஐம்பது காசு நாணயத்தில் முக்கால் பங்கு செம்பு. அது இன்னும் மோசம். சில மாதத்தில் தகட்டில் ஊசித்துளை விழுந்துவிட்டால் ‘உப்புத் தின்றுவிட்டது’ என்று கடலைப் பழிப்போம்.

செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணம் அலுமினிய அடிக்கு ஆகவே ஆகாது. கரையில் வாழும் டிரெய்லர் படகுக்கு அப்படி ஒன்று தேவையும் இல்லை. எஃகு ஆணி பதித்த இடங்களில் இடையே நைலான் வளையம் இருக்க வேண்டும். மின்கம்பி இணைப்பில், எதிர்முனையைப் படகின் உடலிலேயே பூட்டி மிச்சம் பிடிக்கும் கார்ப் பட்டறைப் பழக்கம் இங்கே உதவாது. கசியும் மின்சாரம் வாரக்கணக்கில் தகட்டைத் தின்னும். அதுபோக, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, அடைப்பான்களைத் திறந்து, மூக்கை உயர்த்தி வைத்து வடியவிட்டால் போதும்.

டிரெய்லர் படகுக்கு ஒரு விசித்திரம் உண்டு. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கரையில் கழிக்கிறது. பல படகுகள் கடலில் வாங்குவதைவிட அதிக அடியைச் சாலையில் வாங்குகின்றன. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு: அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி வரம்பே இல்லை. ஒவ்வொரு குலுக்கலும், சிறியதானாலும், கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நீரில் படகின் எடையை முழு அடிப்பரப்பும் சேர்ந்து தாங்கும். டிரெய்லரில் சில உருளைகளோ பலகைகளோதான். அவை படகின் உள்விலாக்களுக்கு நேர் கீழே இல்லாமல் வெறும் தகட்டின் மேல் அழுத்தினால், கிள்ளான் வரை ஒவ்வொரு குழியும் ஒரே இடத்தை மடக்கும். பழைய படகு வாங்கும்போது விலாக்கள் முடியும் இடத்தில், பற்றவைத்த தையலின் ஓரத்தில் முடியளவு கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஈரம் கசிந்த வெண்பொடித் தடம் இருந்தாலும் அதே கதைதான். கட்டும் பட்டை மூக்கில் மட்டும் போதாது. பின்பலகையின் இரு மூலைகளிலும் இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் படகு டிரெய்லர் மேல் துள்ளும்.

இழுகொக்கியின் மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு அமர வேண்டும் என்பது இன்னொரு விதி. எஞ்சின், பெட்ரோல், ஐஸ் எல்லாம் பின்னால் போய்விட்டால் கொக்கி இலேசாகி, வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஷா ஆலம் பக்கம் லோரிகளுக்கு நடுவே அது நடக்கக் கூடாது. ஐஸை ஜெட்டிக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

ஜெட்டியில் ஓதம்தான் எசமான். நான்கு மீட்டர் ஓதத்தில், ஏற்றம் முடிந்தபின் வரும் மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் நீர் மணிக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்கும். எட்டுக்கு ஒன்று என்று சரிந்த தளத்தில் ஒரு மீட்டர் இறக்கம் என்றால் எட்டு மீட்டர் தளம் வெளியே தெரியும். அதன் கீழ்முனையில் பெரும்பாலும் சேறு. வற்றின் அடிமட்டத்தில் வந்து சேர்ந்தால் படகை ஏற்ற வழியில்லை, காத்திருக்க வேண்டியதுதான். இலேசான படகுக்கு இங்கே ஒரு சலுகை: அது ஆழம் குறைந்த நீரிலேயே மிதந்துவிடும், டிரெய்லரைச் சேறு வரை இறக்க வேண்டாம். ஓத அட்டவணையைப் பார்த்து, திரும்பும் நேரத்தை முதலில் குறித்துவிட்டுப் புறப்படும் நேரத்தைப் பின்னால் கணக்கிடுபவர்கள் எப்போதும் வீட்டுக்குச் சீக்கிரம் வருகிறார்கள்.

கப்பல்களையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கும் நீரிணை இது. பெர்மாத்தாங் செடெப்பாவிலிருந்து சிங்கப்பூர் நோக்கிக் கப்பல்களுக்கு இருவழிப் பாதையே பிரித்துவைத்திருக்கிறார்கள். ராடார் அலை ஃபைபர் படகை ஏறக்குறைய ஜன்னல் கண்ணாடி மாதிரி ஊடுருவிப் போய்விடும். அலுமினியம் அந்த ராடார் அலையைத் திருப்பி அனுப்பும், என்றாலும் தாழ்ந்து கிடக்கும் சிறு படகு கடலலையின் இரைச்சலில் மறைந்துபோகும். கம்பத்தின் உச்சியில் ராடார் பிரதிபலிப்பான் ஒன்றும் நல்ல விளக்கும் இருக்கட்டும். கப்பல் பாதைக்குள் நங்கூரம் போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு எந்த உலோகமும் உதவாது.

வாங்குவதற்கு முன் கடலோட்டம் கேளுங்கள். விற்பவர் காலையில் கண்ணாடி போன்ற நீரில் கூட்டிப்போகப் பார்ப்பார். பிற்பகலில், காற்று எழுந்து நீர் வற்றும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரும் ஏறிக்கொள்ளுங்கள், பாதித் தொட்டி எண்ணெயோடு. வெளியே போகும்போது அவரே ஓட்டட்டும். முகத்துவாரத்தைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, எல்லோரும் ஒரே பக்கம் போய் நின்று பாருங்கள். பிறகு படகைத் திருப்பி, நீங்கள் சுக்கானைப் பிடித்து, அலை பின்னால் வர மணிக்கு 22 கிலோமீட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கையில் சுக்கான் எப்போது இலேசாகிறது, மூக்கு எவ்வளவு அமுங்கி எவ்வளவு சீக்கிரம் எழுகிறது, வால் எந்தப் பக்கம் நழுவப் பார்க்கிறது என்று கவனியுங்கள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.